முதலில் மூச்சை வெளியே விடுங்கள்

இரவு பத்தரை மணி. படுக்கப் போகிற நேரத்தில் போன் ஒளிர்கிறது. “நாளைக்கு வந்ததும் முதல் வேலையா என்னைப் பாருங்க.” அனுப்பியவர் மேலதிகாரி. எதற்கு, என்ன விஷயம் என்று ஒன்றும் இல்லை. மொத்தம் ஆறு சொற்கள்.

அந்த ஆறு சொற்களுக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தோள்கள் இரண்டும் காதுப் பக்கம் ஏறிவிடும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். உள்ளே போன மூச்சு வெளியே வர மறந்து அப்படியே நிற்கும். உள்ளங்கையில் லேசாக ஈரம். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் “என்னவா இருக்கும்?” என்ற கேள்வியே மனதில் முழுசாக எழும்.

இந்த நிலையில் நான் பல வருடம் செய்துகொண்டிருந்த காரியம், கண்ணை மூடிக்கொண்டு தியானத்துக்கு உட்காருவது. ஏதோ ஒரு செயலியில் மெல்லிய குரல் ஒன்று, எண்ணங்கள் வந்து போகட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் கழித்துக் கண்ணைத் திறக்கும்போது மேலதிகாரிக்கு மூன்று விதமான பதில்கள் தயாராக இருக்கும். மனதுக்குள் ஒருமுறை ராஜினாமாவும் செய்து முடித்திருப்பேன். “நமக்கெல்லாம் தியானம் வராதுப்பா” என்று எழுந்துவிடுவேன்.

பிசகு வரிசையில் இருந்தது என்று புரிய நாளாயிற்று. கலங்கிக் கிடக்கும்போது மனதை மனதாலேயே அடக்கப் பார்ப்பது, ஏணியின் கடைசிப் படியில் முதல் காலை வைக்கிற கதைதான். உடம்பு முதலில், மூச்சு அடுத்து, மனம் கடைசியில் என்று போனால் அதே பத்து நிமிடம் வேறு மாதிரி கழிகிறது. ஏன் அப்படி என்பதற்கு நம் உடற்கூறிலேயே விடை இருக்கிறது.

வயிறு கலங்குகிறது, மூளை கேட்டுக்கொள்கிறது

பதற்றத்தைச் சொல்ல நம்மிடம் உள்ள தொடர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். நெஞ்சு படபடக்கிறது. அடிவயிறு கலங்குகிறது. கை கால் ஓடவில்லை. தொண்டை அடைக்கிறது. நாக்கு வறண்டுவிட்டது. மூச்சு முட்டுகிறது. ஒன்றில்கூட மனம் என்ற சொல்லே இல்லை. எல்லாம் உடம்பின் பாஷை. நிம்மதியைச் சொல்ல வரும் சொல் இன்னும் சுவாரசியமானது: அப்பாடா. சத்தமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘அப்’ என்று சின்னதாகத் தொடங்கி ‘பாடா’ என்று இழுக்கும்போது நெஞ்சில் இருக்கிற காற்று பெரும்பாலும் வெளியே போய்விடும். தோளும் தானாக இறங்கும். நீண்ட வெளிமூச்சு ஒன்றுக்கு யாரோ எழுத்து வடிவம் கொடுத்தது மாதிரி இருக்கிறது அந்தச் சொல்.

1884-ல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விபரீதமான வாதத்தை வைத்தார். பயப்படுவதால் நடுங்குகிறோம் என்று எல்லாரும் நினைக்கிறோம். நடுங்குவதை உணர்வதைத்தான் பயம் என்கிறோம் என்றார் அவர். இதை அப்படியே ஏற்க முடியாது என்று பின்னால் வந்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர். ஆபத்து வந்தால் உடல் ‘எதிர்த்து நில், இல்லை ஓடிப் போ’ என்று தயாராவதை 1915-ல் விளக்கியவரும் இவர்தான். ஆனாலும் ஜேம்ஸ் சொன்னதில் பாதி நிலைத்துவிட்டது. மூளைக்கும் உடம்புக்கும் நடுவே போக்குவரத்து இரண்டு பக்கமும் நடக்கிறது. அதிலும் உடம்பிலிருந்து மேலே போகிற செய்திதான் அதிகம். மூளைத்தண்டில் கிளம்பிக் கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று அலைந்து திரியும் வேகஸ் நரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் கீழேயிருந்து மூளைக்குத் தகவல் கொண்டுபோகிறவை. மீதி 20 சதவீதம்தான் மூளையின் கட்டளையைக் கீழே கொண்டுவருகின்றன.

அதாவது, இறுகிய தாடை, ஏறிய தோள், மேலோட்டமான மூச்சு இவையெல்லாம் சேர்ந்து “இன்னும் ஆபத்து தீரவில்லை” என்று மூளைக்கு ஓயாமல் தந்தி அடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் “டென்ஷன் ஆகாதே” என்று மூளை கீழே சொல்லிப் பார்க்கிறது. யார் கேட்பார்கள்?

பெயரில் வேகம், வேலையில் நிதானம்

இதயத்துக்கு வரும் நரம்புகளையெல்லாம் துண்டித்துவிட்டு அதைத் தன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் நாடி 70 என்றால், மீதி 30-ஐப் பிடித்து வைத்திருப்பது வேகஸ் நரம்பு. ஆக்ஸிலேட்டர், பிரேக் என்று எல்லாரும் சொல்லும் உவமையில் விட்டுப்போகிற சங்கதி இதுதான்: நிம்மதியாக இருக்கும்போதும் பிரேக் லேசாக மிதித்தபடியேதான் இருக்கிறது. பதற்றம் வந்ததும் முதலில் நடப்பது அந்தப் பிரேக்கிலிருந்து கால் எடுப்பது. அட்ரினலின் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஒவ்வொரு மூச்சிலும் இது சின்ன அளவில் நடக்கிறது. உள்ளே இழுக்கும்போது பிரேக் தளர்கிறது, இதயம் கொஞ்சம் வேகமெடுக்கிறது. வெளியே விடும்போது பிரேக் மறுபடி அழுந்துகிறது, துடிப்பு மெதுவாகிறது. 1847-லேயே கார்ல் லுட்விக் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர் இதைப் பதிவு செய்துவிட்டார். கருவி எதுவும் வேண்டாம், இப்போதே பார்க்கலாம். இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில், வலது கையின் இரண்டு விரல்களை வையுங்கள். நாடி பிடிபட்டதும் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும். விடும்போது இரண்டு துடிப்புக்கு நடுவே இடைவெளி நீளும். சிலருக்கு இது மிகத் தெளிவாகத் தெரியும். வயது கூடக் கூட இந்த ஏற்ற இறக்கம் குறையும், அதனால் சட்டென்று பிடிபடாவிட்டாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. முதல் தடவை எனக்குப் பிடிபட்டபோது, இத்தனை வருடம் இது என் கையிலேயே இருந்திருக்கிறதே என்று தோன்றியது.

இந்தப் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த கதை கேட்கவே நன்றாக இருக்கும். ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானிக்கு ஒரு இரவு கனவில் ஒரு பரிசோதனை தோன்றியது. எழுந்து அரைத்தூக்கத்தில் குறித்துவைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் அவர் எழுத்து அவருக்கே புரியவில்லை. அடுத்த இரவும் அதே கனவு வந்தது. இந்தத் தடவை நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டார். துடித்துக்கொண்டிருக்கும் இரண்டு தவளை இதயங்கள். முதலாவதின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். நரம்பே இல்லாத அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தோடு பேசுகிறது என்று நிரூபணமாயிற்று. 1921-ல் இதை வெளியிட்டார். அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்று பிறகு தெரிந்தது. 1936-ல் ஹென்றி டேலோடு சேர்ந்து லோவிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் விஷயத்துக்கு இதில் முக்கியமானது ஒன்று உண்டு. அசிட்டைல்கோலின் சுரந்த வேகத்தில் சிதைந்தும் போய்விடும். அதனால்தான் ஒரு நீண்ட வெளிமூச்சின் பலன் அடுத்த ஒன்றிரண்டு துடிப்பிலேயே தெரிகிறது. உடனே மறைந்தும் விடுகிறது. பதற்றத்தைக் கிளப்பும் எதிரணியின் வேதிப்பொருள்களுக்கு இந்த அவசரம் கிடையாது. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கார்ட்டிசால் என்ற இன்னொரு பதற்றச் சுரப்பு அதைவிட நிதானி. பதற்றம் தொடங்கி 20, 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்கே வரும், குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஒரு மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு “ஒண்ணும் ஆகலையே” என்பவர்களுக்குப் பதில் இங்கே இருக்கிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இறங்கிவிட்டதை மூச்சால் துடைத்தெடுக்க முடியாது. மேலும் மேலும் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதற்குச் சில நிமிடங்களாவது விடாமல் செய்தாக வேண்டும்.

நிமிடத்துக்கு ஆறு

சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். இதை ஆறுக்குக் கொண்டுவந்தால் ஒரு தனி விளைவு உண்டு. கழுத்து ரத்தக்குழாயிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடியிலும் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் கூடினால் இதயத்தை மெதுவாக்கச் சொல்லும். குறைந்தால் வேகப்படுத்தச் சொல்லும். செய்தி போய், வேலை நடந்து, அழுத்தம் மாறி, அது மறுபடி உணரிக்குத் தெரிய ஒரு சுற்றுக்குப் பத்து நொடி போல ஆகிறது. மூச்சும் பத்து நொடிக்கு ஒன்று என்று ஆனால் இரண்டு அலைகளும் கைகோத்துக்கொள்கின்றன. ஊஞ்சல் நம் பக்கம் வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே எவ்வளவு உயரம் போகிறது! அதே கணக்கு.

2001-ல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். ஜெபமாலையில் வரும் மரியன்னை ஜெபத்தை லத்தீனில் சொல்லவைத்தார்கள். ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரத்தையும் சொல்லவைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்த உணரிகளின் செயல்பாடும் மேம்பட்டது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதது போலத் தெரியும் இரண்டு மரபுகள், எண்ணிப் பார்க்காமலேயே ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. திருமந்திரத்தின் பிராணாயாமக் கணக்கும் இங்கே நினைவுக்கு வருகிறது. இழுப்பதற்கு 16 மாத்திரை நேரம், நிறுத்துவதற்கு 64, விடுவதற்கு 32 என்கிறார் திருமூலர். விடுவது இழுப்பதைப் போல இரு மடங்கு. நடுவில் உள்ள 64-ஐ மட்டும் தயவுசெய்து நீங்களாக முயன்று பார்க்காதீர்கள். அது வருடக்கணக்கில் பழகியவர்களுக்கானது. பதறிக்கொண்டிருக்கும் ஒருவர் மூச்சைப் பிடித்து நிறுத்தினால் பதற்றம் கூடத்தான் செய்யும்.

தொடங்குகிறவர்களுக்கு எளிய கணக்கு: நாலு எண்ணும் வரை மூக்கால் இழுப்பது, ஆறு எண்ணும் வரை விடுவது. நடுவில் நிறுத்தம் இல்லை. நாலும் ஆறும் பத்து நொடி, ஆக நிமிடத்துக்கு ஆறு. எண்ணுவதே தொல்லையாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் செய்தபடி விடலாம். பிரமரி என்று சொல்வார்கள். ரீங்காரம் போடும்போது யாராலும் மூச்சை அவசரமாக விட முடியாது, அதுதான் அதன் சூட்சுமம். மூக்குக்குள் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ரீங்காரத்தின்போது சாதாரண வெளிமூச்சைவிடப் பதினைந்து மடங்கு வெளிவருகிறது என்று 2002-ல் ஸ்வீடனில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மனம் அமைதியாவதற்கு அதுதான் காரணம் என்று கதை கட்ட வேண்டியதில்லை. மெதுவான வெளிமூச்சே போதுமான காரணம்.

இங்கே ஒரு பெரிய தப்பைச் சொல்லியாக வேண்டும். பதறுகிற ஆளைப் பார்த்து எல்லாரும் சொல்வது, “நல்லா ஆழமா மூச்சை இழு.” அவரும் இழுப்பார், மார்பு புடைக்க. மறுபடி இழுப்பார். நாலைந்து தடவையில் தலை கிறுகிறுக்கும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது போல இருக்கும், “காத்தே பத்தலை” என்று இன்னும் இழுப்பார். உண்மையில் காற்று பற்றாமல் இல்லை. தேவைக்கு மேல் மூச்சு விட்டதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். கிறுகிறுப்பு அதனால் வருவது. அந்தக் கிறுகிறுப்பே புதிய பயத்துக்குக் காரணமாகிவிடும். எனவே பக்கத்தில் யாராவது பதறினால், இழுக்கச் சொல்லாதீர்கள். “மெதுவா வெளியே விடு, இன்னும் விடு” என்று சொல்லுங்கள். காலியானால் அடுத்த மூச்சு தானாக வரும். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெருமூச்சுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடலாம். “என்ன, பெருமூச்சு விடறே?” என்று யாராவது கேட்டால் ஏதோ குற்றம் செய்துவிட்டது போல ஆகிவிடுகிறது. நாம் எல்லாருமே சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நமக்கே தெரியாமல், பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நுரையீரலில் ஏறத்தாழ 50 கோடி காற்றுப்பைகள் உண்டு. சாதாரண மூச்சில் அவற்றில் சில ஒட்டிச் சுருங்கிவிடும். பெருமூச்சு அவற்றை ஊதித் திறந்துவிடுகிறது. இதையே வேண்டுமென்றே செய்வதை 2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று சோதித்தது. மூக்கால் ஒருமுறை இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாய் வழியாக நீளமாக விடுவது. தினம் ஐந்து நிமிடம், 28 நாள். வேறு இரண்டு மூச்சுப் பயிற்சிகளையும் தியானத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். பதற்றம் எல்லாக் குழுவிலுமே குறைந்தது. மனநிலை தெளிவதில் மட்டும் பெருமூச்சுக் குழு தியானக் குழுவை முந்தியது.

மூச்சுக்கும் மனநிலைக்கும் நடுவே நேரடியான கம்பி ஒன்று இருக்கிறது என்பதற்கு 2017-ல் எலிகளில் கிடைத்த சான்று ஒன்றும் உண்டு. மூச்சின் தாளத்தைப் போடுவது மூளைத்தண்டில் உள்ள சின்னஞ்சிறு பகுதி. பிரீ-போட்ஸிங்கர் என்று பெயர். ஒரு ஜெர்மன் ஒயினின் பெயரை ஒட்டி வைத்தது. அங்கே 200-க்கும் குறைவான நரம்பணுக்கள், மூச்சு எப்படிப் போகிறது என்று மூளையின் விழிப்பு மையத்துக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மட்டும் நீக்கினால் எலிகள் மூச்சு விடத்தான் செய்தன, ஆனால் புது இடத்தில் விட்டாலும் அலைபாயாமல் உட்கார்ந்து தங்களைத் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தன.

சுவரில் கால்

சரி, மூச்சுக்கு முன்னால் உடம்பு என்றேனே, அதற்கு வருவோம். தோள் காதருகே இருக்கும்போது, வயிறு இறுகியிருக்கும்போது, மூச்சை நீட்டச் சொன்னால் நீளாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் கீழே இறங்க இடம் வேண்டும். மெதுவான யோகாவின் வேலை அந்த இடத்தைப் பண்ணிக் கொடுப்பதுதான் என்று நினைக்கிறேன்.

யோக சூத்திரத்தில் பதஞ்சலி இதை எப்போதோ வரிசைப்படுத்திவிட்டார். எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நாலாவது, தியானம் ஏழாவது. இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்களில் ஆசனத்துக்கு மூன்றே மூன்றுதான் ஒதுக்குகிறார். அதில் முதலாவது ‘ஸ்திர சுகம் ஆசனம்’: நிலையாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம். அடுத்தது, முயற்சியைத் தளர்த்துவதைப் பற்றிச் சொல்கிறது. அது அமைந்த பிறகு மூச்சுக்குப் போகலாம் என்கிறார். உடம்பை எட்டாக வளைத்துப் படம் எடுத்துப் போடும் காலத்தில் சுகம் என்ற அந்தச் சொல்லைத்தான் நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

வேகமாகச் செய்யும் சூரிய நமஸ்காரமும் நல்லதுதான், ஆனால் அது வேறு வேலைக்கு. அது நாடியை ஏற்றும். மெதுவான வகையில் ஒரு நிலையில் இரண்டு மூன்று நிமிடம், சிலவற்றில் ஐந்து நிமிடம்கூட, அப்படியே இருப்பார்கள். போர்வை, தலையணை, நாற்காலி என்று எதையாவது முட்டுக்கொடுத்துக்கொள்ளலாம். இப்படி முட்டுக்கொடுப்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார். உடம்பைத் தாங்கும் வேலையைத் தலையணை எடுத்துக்கொண்டால் தசைக்கு விடுப்பு கிடைக்கிறது.

எனக்கு வேலை செய்வது ஒன்றே ஒன்றுதான்: சுவரில் கால் போட்டுப் படுப்பது. விபரீத கரணி என்ற தலைகீழ் ஆசனத்தின் சோம்பேறி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, முதுகைத் தரையில் சாய்த்துக்கொண்டே கால்களைச் சுவரில் ஏற்றிவிட வேண்டும். இடுப்புக்கு அடியில் மடித்த போர்வை, கைகள் இரண்டும் பக்கத்தில் விரிந்து, உள்ளங்கை மேலே பார்க்க. முதல் நிமிடம் மூக்கு அரிக்கும். போனை எட்டி எடுக்கக் கை போகும். இரண்டாவது நிமிடம் தொடையின் பின்பக்கம் இழுக்கும். பிட்டத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்தால் சரியாகிவிடும். மூன்றாவது நிமிடத்தில்தான் விஷயம் தொடங்கும். தாடை இறுகியிருந்தது அப்போதுதான் தெரியும், தெரிந்ததுமே தளரும். நாக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கும். வயிறு ஏறி இறங்குவது தெரிய ஆரம்பிக்கும், நாம் ஒன்றும் செய்யாமலே. காலில் இருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் எளிதாகத் திரும்புவதால், கழுத்து உணரிகளும் இதயத்தை மெதுவாக்கும் பக்கம் சாய்கின்றன. இந்த இடத்தில் நாலு–ஆறு கணக்கைத் தொடங்கினால் மூச்சு சொன்னபடி கேட்கும். உட்கார்ந்த நிலையில் போராடிப் பெற வேண்டியிருந்தது இங்கே சும்மா கிடைக்கிறது.

சிலருக்குப் படுத்ததுமே கூண்டில் அடைத்தது மாதிரி இருக்கும். உடம்பு ஓடத் தயாராக நிற்கும்போது அசையாமல் கிட என்றால் அது முரண்டு பிடிக்காதா? அப்படிப்பட்ட நேரத்தில் முதலில் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வருவது நல்லது. அல்லது 1920-களில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வளர்த்தெடுத்த வழி: முஷ்டியை இறுக்கிப் பிடித்துச் சில நொடி கழித்து விடுவது, பிறகு தோள், முகம், வயிறு, கால் என்று ஒவ்வொன்றாக. இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் தளர்வு எப்படி இருக்கும் என்று தெரியும்.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் இருப்பவர்கள் மல்லாந்து வெகுநேரம் படுக்கக் கூடாது. கண் அழுத்த நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கபாலபாதி போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் கிளப்பிவிடும் வகை. மன உளைச்சல் நேரத்துக்கு அவை உதவாது.

மனம் கடைசியில் வரட்டும்

இப்போது தியானம். 2010-ல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2,250 பேரைச் செயலி மூலம் நாளின் வெவ்வேறு நேரங்களில் மடக்கி, “இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா?” என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் 46.9 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. ஆக மனம் அலைவது உங்கள் தனிப்பட்ட கோளாறு இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எல்லாருக்கும் அதே கதிதான்.

தியானத்தில் மனம் ஓடிவிட்டால் தோற்றுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஓடிவிட்டது என்று தெரிய வருகிற அந்த நொடியும், மறுபடி மூச்சுக்குத் திரும்புவதும்தான் பயிற்சியே. பத்து நிமிடத்தில் நாற்பது தடவை ஓடி நாற்பது தடவை திரும்பினால் நாற்பது தடவை பயிற்சி ஆயிற்று. ஆனால் உடம்பு இன்னும் ஆபத்து, ஆபத்து என்று கத்திக்கொண்டிருந்தால் அந்த நாற்பது நானூறு ஆகிவிடும். அதற்குத்தான் முன்னால் சொன்ன இரண்டு படிகளும்.

மருத்துவமனைக்குள் தியானம் நுழைந்தது 1970-களில். ஹெர்பர்ட் பென்சன் என்ற அமெரிக்க மருத்துவர் மத அடையாளங்களைக் கழற்றிவிட்டு, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் மூச்சும் நாடியும் தணிவதை அளந்து காட்டினார். ஜோன் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அந்த எட்டு வாரப் பயிற்சியை, பதற்ற நோய்க்குக் கொடுக்கும் எஸ்சிடலோபிராம் மாத்திரையோடு 276 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வந்தது. பயிற்சி மாத்திரைக்குச் சளைக்கவில்லை. செய்தியைப் படித்தவர்கள் பலர் கவனிக்காதது, அந்தப் பயிற்சியில் தினமும் 45 நிமிடம் உட்கார வேண்டியிருந்தது என்பதை. ஐந்து நிமிடச் செயலிக்கு அந்தப் பலனை ஒட்டவைக்க முடியாது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

மறுபக்கமும் உண்டு. 47 ஆய்வுகளை, சுமார் 3,500 பேரின் தரவுகளோடு 2014-ல் சேர்த்துப் பார்த்தபோது, பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றுக்கும் தியானத்தால் மிதமான பலன் உண்டு என்றுதான் தெரிந்தது. உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை. நடைப்பயிற்சி பிடித்தவர்கள் குற்ற உணர்ச்சி இல்லாமல் நடக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். தியானத்தின் எதிர்விளைவுகளைத் தொகுத்த 2020-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில், செய்பவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் போல ஏதாவது ஒரு வேண்டாத அனுபவத்தைச் சொல்லியிருந்தார்கள். பதற்றம் கூடுவதே அதில் அடிக்கடி வருவது. பழைய அடி ஏதாவது உள்ளே இருப்பவர்களுக்குக் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது சுலபமாக இருக்காது. அவர்கள் கண்ணைத் திறந்துவைத்து, பாதம் தரையில் படுவதைக் கவனித்தால் போதும். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிட்டு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை தியான வகுப்பு வைக்கும் அலுவலகங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உளைச்சலுக்குக் காரணம் வெளியே இருக்கும்போது அதை ஊழியரின் மூச்சுக் கோளாறாக மாற்றுவது அநியாயம். கடனையோ, கொடுமைக்கார மேலாளரையோ, நோயாளியைப் பகலிரவாகக் கவனிக்கும் களைப்பையோ நாலு–ஆறு கணக்கு தீர்த்துவைக்காது. அவற்றைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கிற அளவுக்குத் தலையைத் தெளியவைக்கும். அந்தத் தெளிவில், “இந்த வேலையே வேண்டாம்” என்ற முடிவுக்கும் ஒருவர் வரலாம்.

நடைமுறையில் ஒரே ஒரு யோசனை. நன்றாக இருக்கும் நாளில் பழகுங்கள். நீச்சலை வெள்ளம் வந்த அன்று கற்றுக்கொள்ள முடியாது. தினம் ஒரே நேரம், பத்து நிமிடம்: ஐந்து நிமிடம் கால் சுவரில், மூன்று நிமிடம் எண்ணி மூச்சு, கடைசி இரண்டு நிமிடம் எண்ணாமல் சும்மா இருப்பது. இரண்டு நிமிடம் தியானமா என்று கேட்டால், ஆமாம், தொடங்க அது போதும். பழகிவிட்டால் முதுகு தரையைத் தொட்டதும் மூச்சு தானே நீள ஆரம்பிக்கும். உடம்பு அந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொள்கிறது.

பத்தரை மணிச் செய்திக்குத் திரும்பினால், இப்போதெல்லாம் நான் செய்வது இதுதான். போனைக் குப்புற வைக்கிறேன். பதில் தட்ட வரும் விரலை மணிக்கட்டில் வைத்து நாடியைப் பார்க்கிறேன், ஓடிக்கொண்டிருக்கிறது. போர்வையை மடித்துப் போட்டு, சுவரில் காலை ஏற்றுகிறேன். மூக்கு அரிக்கிறது. என்னவாக இருக்கும் என்ற கேள்வி வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. தாடை தளர்கிறது. எட்டாவது நிமிடத்திலோ என்னவோ, யாரும் சொல்லாமலே பெருமூச்சு ஒன்று வருகிறது. அனுப்ப வேண்டிய பதில் “சரி” என்ற ஒரே சொல்தான். அதைக் காலையில் அனுப்பிக்கொள்ளலாம்.